பக்கத்து இருக்கைக்காரர் சிரிக்கிறார்

'தி பெர்த் ஆஃப் எ நேஷன்' படத்தை முழுதாகப் பார்த்து முடிப்பது லேசான காரியமில்லை. 1915-இல் வந்த மௌனப் படம், மூன்று மணி நேரம் ஓடும். சினிமா வரலாற்றைப் படிக்கப் புகுந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக முடியாது என்பதால் நானும் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். போர்க்களக் காட்சிகளில் இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித்தின் கைவண்ணம் அசரவைக்கிறது. நூறு வருடம் தாண்டியும் கண்ணை எடுக்க முடியவில்லை. அப்புறம் இரண்டாம் பாதியில் அந்தச் சட்டமன்றக் காட்சி வருகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்திருக்கிறது. தென் கரோலினாவில் கறுப்பின மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆட்களை அவைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஓர் உறுப்பினர் பாட்டிலைக் களவாக எடுத்து ஒரு மடக்கு குடிக்கிறார். இன்னொருவர் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மேசைமேல் நீட்டுகிறார். வேறொருவர் இறைச்சித் துண்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். கலப்பு மணத்தை அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியதும் அத்தனை பேரும் அண்ணாந்து, மேல்மாடத்தில் இருக்கும் வெள்ளைப் பெண்களைப் பார்க்கிறார்கள். 'இவர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தால் இதுதான் நடக்கும்' என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

நிஜத்தில் நடந்தது வேறு. தென் கரோலினாவின் 1868-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தை எழுதிய மாநாட்டில் கறுப்பினப் பிரதிநிதிகள்தான் பெரும்பான்மை. மாநிலம் முழுவதற்குமான அரசுப் பள்ளிகளுக்கு வழிசெய்தது அந்தச் சட்டம். பள்ளிக்கூடத்துக்கு வழி செய்தவர்களைத்தான் திரையில் மேசைமேல் கால் நீட்ட வைத்தார்கள். அதுவும் படத்தின் முக்கியமான கறுப்புப் பாத்திரங்களில் நடித்தவர்கள் முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள்.

வெள்ளை மாளிகையில் உட்ரோ வில்சனுக்குப் படம் திரையிடப்பட்டது. ஊர் ஊராக எதிர்ப்பும் கிளம்பியது. 1909-இல் தொடங்கப்பட்டிருந்த கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. தடை கேட்டுப் போராடியது. ஒஹையோ, கேன்ஸஸ் போன்ற மாநிலங்களில் தடையும் வந்தது. ஆனால் கூட்டம் குறையவில்லை.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம், படம் வீரர்களாகக் காட்டிய கூ க்ளக்ஸ் க்ளான் விஷயம்தான். போர் முடிந்த கையோடு தோன்றிய அந்த வெள்ளை வெறிக் கும்பல் 1870-களின் தொடக்கத்திலேயே நசுங்கிப்போயிருந்தது. 1915 நவம்பரில், படம் நாடெங்கும் பேச்சாக இருந்தபோது, வில்லியம் சிம்மன்ஸ் என்பவர் சிலரைக் கூட்டிக்கொண்டு அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டோன் மவுண்டன் குன்றின்மேல் ஏறி, ஒரு சிலுவையைக் கொளுத்தி, க்ளானை மறுபடி தொடங்கினார். பழைய க்ளானுக்குச் சிலுவை எரிக்கும் வழக்கமே கிடையாது. ஸ்காட்லாந்துக் குலங்களின் வழக்கம் என்று சொல்லி அதைத் தன் நாவலில் நுழைத்தவர் தாமஸ் டிக்ஸன். அந்த நாவலைத்தான் கிரிஃபித் படமாக்கினார். ஒரு கதாசிரியரின் கற்பனை திரைக்கு வந்து, அங்கிருந்து இறங்கி நிஜ மனிதர்களின் சடங்காகிவிட்டது. 1920-களில் க்ளானில் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியே ஆள் பிடித்ததும் நடந்தது.

'படம் பார்த்துக் கெட்டுப்போனார்கள்' என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதில் திருப்தியில்லை. தென் மாநிலங்களில் இருந்த வெள்ளையர்களுக்கு இன வெறுப்பைக் கற்றுக்கொடுக்க ஒரு மௌனப் படம் தேவைப்படவில்லை. அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைத்தது. படம் கொடுத்தது துணிச்சலை. நான் மனதுக்குள் வைத்திருப்பதை இத்தனை பேர் டிக்கெட் வாங்கி வந்து கைதட்டுகிறார்கள் என்றால், இனி அதை உரக்கச் சொல்லலாம், முகமூடி போட்டுக்கொண்டு தெருவிலும் இறங்கலாம். இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் திரையைப் பார்ப்பதோடு, பக்கத்து இருக்கைக்காரர் எதற்குச் சிரிக்கிறார், எதற்குச் சீறுகிறார் என்பதையும் சேர்த்தே பார்க்கிறான். வெகுஜன ஊடகத்தின் பலம் பெரும்பாலும் அங்கேதான் என்பது என் கட்சி.

இதற்கு எதிர்ச்சாட்சி ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1930-களின் தொடக்கத்தில் பீட்டர்சன், தர்ஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இல்லினாய் மாநிலத்தின் கிரிஸ்டல் லேக் என்ற சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதே படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கறுப்பினத்தவர் யாரையும் அனேகமாகப் பழகியே அறியாத பிள்ளைகள். படத்துக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய மனப்பான்மையை அளந்தார்கள். பின்னால் அளந்தபோது கறுப்பின மக்கள்மேல் இருந்த நல்லெண்ணம் தெளிவாகச் சரிந்திருந்தது. ஐந்து மாதம் கழித்து அளந்தபோதும் அது பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை. ஆக, நேரில் ஆளே தெரியாத இடத்தில் திரையே ஆளாகிவிடுகிறது. இதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் பெரியவர்கள் கதை வேறு. அவர்கள் ஏற்கெனவே ஒரு கருத்தோடுதான் டிவி முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

அதற்கு 1971-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கதாநாயகர் ஆர்ச்சி பங்கர், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசிக்கும் வெள்ளைத் தொழிலாளி. கறுப்பினத்தவர், யூதர், போர்ட்டோரிக்கர் என்று ஒருவரையும் விடாமல் திட்டித் தீர்ப்பார். மருமகன் மைக் எதிர்வாதம் செய்வார். அநேகமாக ஒவ்வொரு வாரமும் ஆர்ச்சி தன் வாயாலேயே மாட்டிக்கொண்டு முழிப்பார். இன வெறுப்பைக் கேலி செய்து கரைத்துவிடலாம் என்பது தயாரிப்பாளர் நார்மன் லியரின் எண்ணம். நல்ல எண்ணம்தான். தொடர் வருடக்கணக்கில் முதலிடத்தில் ஓடியது.

1974-இல் விட்மார், ரோக்கீச் என்ற உளவியலாளர்கள் அமெரிக்கப் பதின்வயதினரிடமும் கனடாவில் பெரியவர்களிடமும் இந்தத் தொடரைப் பற்றிக் கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன வெறுப்பு அதிகம் உள்ளவர்கள், குறைவாக உள்ளவர்கள் என்று இரு தரப்பும் தொடரை ரசித்திருந்தார்கள். ஆனால் வெறுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு ஆர்ச்சிதான் பிடித்த ஆள். கடைசியில் நியாயம் அவர் பக்கம் என்றே அவர்கள் பார்த்திருந்தார்கள். லியர் கேலி செய்ய நிறுத்திய ஆளை, கேலிக்கு உரியவர்களே தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

தொடரை நேரடிப் பார்வையாளர்கள் முன்னிலையில்தான் பதிவு செய்தார்கள். ஆர்ச்சி ஏதோ சொல்கிறார், அரங்கம் குலுங்கிச் சிரிக்கிறது. அந்தச் சத்தத்தில் ஒருவர் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரிக்கிறார், இன்னொருவர் ஆர்ச்சியோடு சேர்ந்து சிரிக்கிறார். வீட்டில் இருப்பவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். 'பார், எல்லாரும் சிரிக்கிறார்கள்' என்ற செய்தி மட்டும் சேதாரமில்லாமல் போய்ச் சேருகிறது. இன்றைக்கும் 'அவன் கிண்டல்தானே பண்ணுகிறான்' என்று நகைச்சுவைக்காரர்களுக்காக வாதாடுபவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்கலாம். கிண்டல் செய்பவரின் மனதில் இருப்பது வேறு, அது பெற்றுத் தருகிற சிரிப்பு செய்யும் வேலை வேறு.

செய்திப் பத்திரிகைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவை உண்மையைத்தானே போடுகின்றன என்று நினைக்கத் தோன்றும். மார்ட்டின் கிலன்ஸ் என்ற அரசியல் அறிவியலாளர் 1988 முதல் 1992 வரை வந்த மூன்று பெரிய அமெரிக்கச் செய்தி வார இதழ்களை எடுத்துக்கொண்டு, வறுமை பற்றிய கட்டுரைகளில் வந்த படங்களை எண்ணினார். அப்போது அமெரிக்க ஏழைகளில் கறுப்பினத்தவர் 29 சதவீதம். படங்களில் இருந்த ஏழைகளில் 62 சதவீதம். முதியோர் வறுமை மாதிரி வாசகர் இரக்கப்படக்கூடிய கட்டுரைகளில் கறுப்பு முகங்கள் குறைந்துவிடுகின்றன என்பதையும் அவர் காட்டினார். எந்தக் கட்டுரையிலும் பொய் இல்லை. ஒவ்வொரு படமும் உண்மையான ஓர் ஏழையின் படம்தான். எதை எதோடு சேர்த்து அச்சடித்தார்கள் என்பதில்தான் எல்லாம் நடந்துவிட்டது. ஏழைகளுக்கான அரசு உதவிமீது அமெரிக்க வெள்ளையர்களில் பலருக்கு இருக்கும் கடுப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது கிலன்ஸின் வாதம்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. ஃபிலிம் கேமரா காலத்தில் கோடாக் நிறுவனம் வண்ணப்பட அச்சுக் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைப் பெண் சிரித்துக்கொண்டிருப்பார். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவர் முகம் சரியாகத் தெரியும்படி நிறங்களைச் சமன்செய்தால் வேலை முடிந்தது. கறுப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் சேர்ந்து நிற்கும் வகுப்புப் படத்தில் கறுப்புக் குழந்தையின் கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்ததற்கு இந்தச் சமன்செய்தலும் ஃபிலிமின் ரசாயனமும் காரணம். பெற்றோர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். ஆனால் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் விளம்பரப் படங்களில் பழுப்பு நிற வேறுபாடுகள் சரியாக வரவில்லை என்று புகார் செய்தபிறகுதான் கோடாக் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. சாக்லேட்டுக்குக் கிடைத்த மரியாதை மனிதத் தோலுக்குக் கிடைக்கவில்லை. கறுப்பு முகம் மங்கலாகவும் இருண்டும் வருவதுதான் 'இயல்பு' என்று பல தலைமுறைகள் பார்த்துப் பழகியதற்கு எந்த இயக்குநரும் திட்டம் போடத் தேவைப்படவில்லை.

சரி, நல்ல பாத்திரங்களைக் காட்டினால் போதுமா? 1984 முதல் 1992 வரை ஓடிய 'தி காஸ்பி ஷோ' அதைத்தான் செய்தது. அப்பா டாக்டர், அம்மா வக்கீல், புரூக்ளினில் அழகான வீடு, புத்திசாலிப் பிள்ளைகள். (அப்பாவாக நடித்த பில் காஸ்பிமேல் பின்னாளில் எழுந்த பாலியல் குற்றச்சாட்டுகள் இன்று அந்தத் தொடரை நிம்மதியாகப் பார்க்க விடாது. அது தனிக் கதை.) சுட் ஜாலி, ஜஸ்டின் லூயிஸ் இருவரும் பார்வையாளர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பேசிப் பார்த்தார்கள். வெள்ளைப் பார்வையாளர்கள் அந்தக் குடும்பத்தை மனதார விரும்பினார்கள். கூடவே, 'பார்த்தீர்களா, இப்போது யாருக்கும் தடையில்லை. இவர்கள் முன்னேறியிருக்கும்போது மற்றவர்கள் முன்னேறவில்லை என்றால் அது அவர்கள் தப்பு' என்ற முடிவுக்கும் பலர் வந்திருந்தார்கள். ஒரு குடும்பத்தின் வெற்றி ஓர் இனத்துக்கே எதிரான சாட்சியாகிப்போனது. தொடர் வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பல கறுப்பினக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்கிறது. ஆனால் 'நல்ல பிம்பம்' என்பதை மருந்து மாத்திரையாக நினைப்பவர்களுக்கு இது ஒரு கசப்பான பாடம்.

இதைவிடவும் என்னை அசைத்த ஆய்வு 2009-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. வைஸ்பூக், பாக்கர், அம்பாடி மூவரும் செய்தது. பிரபலமான 11 அமெரிக்கத் தொடர்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் கறுப்பினப் பாத்திரங்களும் வெள்ளைப் பாத்திரங்களும் ஏறக்குறைய ஒரே அந்தஸ்தில் இருந்தார்கள்; அடியாள், வேலைக்காரி மாதிரி பழைய வேடங்கள் இல்லை. இரு பாத்திரங்கள் பேசும் காட்சிகளை வெட்டி எடுத்து, ஒலியை நீக்கி, ஒருவரைத் திரையிலிருந்து மறைத்துவிட்டார்கள். எஞ்சியிருப்பவரின் முகமும் உடம்பும் மட்டுமே தெரியும். மறைந்திருப்பவர் கறுப்பா வெள்ளையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. 'எதிரில் இருப்பவரை இவருக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது?' என்பது மட்டுமே கேள்வி. மறைந்திருப்பவர் வெள்ளையராக இருந்த காட்சிகளில் மதிப்பெண் கூடுதல், கறுப்பினத்தவராக இருந்த காட்சிகளில் குறைவு. வசனத்தில் இல்லாதது தோளிலும் புருவத்திலும் இருந்திருக்கிறது. வெள்ளையரிடம் காட்டும் இணக்கத்தைக் கறுப்பினத்தவரிடம் காட்டாத துண்டுகளைப் பார்த்தவர்களிடம் மறைமுகமான இனச் சாய்வு கூடியது. இப்படி ஒரு வேறுபாடு திரையில் இருக்கிறது என்பதை அவர்களால் கண்டுபிடித்துச் சொல்லவும் முடியவில்லை.

படித்தபிறகு நானும் ஒரு மருத்துவமனைத் தொடரை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். இது ஆய்வாகாது, ஒரு விளையாட்டு. ஆனால் வசனம் போய்விட்டால் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. ஒருவர் பேசும்போது சுற்றியிருப்பவர்கள் அவர் பக்கம் திரும்பி நிற்கிறார்கள். இன்னொருவர் பேசும்போது கையில் இருக்கும் தாளைப் பார்த்தபடியே தலையாட்டுகிறார்கள். ஒருவரின் நகைச்சுவைக்கு முகம் முழுக்கச் சிரிப்பு, இன்னொருவருக்கு உதட்டோரச் சிரிப்பு. ஒரு பாத்திரத்துக்கு எவ்வளவு பெரிய பட்டமும் பதவியும் எழுதிக் கொடுத்தாலும், பக்கத்தில் நிற்பவர் அவரை எப்படிப் பார்க்கிறார் என்பதைத் திரைக்கதையில் யாரும் எழுதுவதில்லை. நடிகர்கள் அதைத் தங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள்.

1966-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கறுப்பின நடிகை நிஷெல் நிக்கல்ஸ் நடித்த உஹூரா பாத்திரத்தை இந்தக் கோணத்தில் பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. விண்கப்பலின் தகவல் தொடர்பு அதிகாரி. வசனம் கொஞ்சம்தான், பல நாள் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்வார். வெறுத்துப்போய் விலகப்போன அவரை, மார்ட்டின் லூதர் கிங் நேரில் கண்டு தடுத்ததாக நிக்கல்ஸே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நடிகைக்கு அது சலிப்பூட்டும் வேலை. ஆனால் கேப்டன் தலையைத் திருப்பி அவரிடம் தகவல் கேட்கிறார், அவர் சொன்னதும் அதை அப்படியே ஏற்று அடுத்த கட்டளையைப் போடுகிறார். கப்பலில் யாருக்கும் அது அதிசயமாக இல்லை. அந்த அதிசயமின்மைதான் அங்கே நடந்த பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. பிற்பாடு நிக்கல்ஸ் நாசாவுக்கு ஆள் சேர்க்கும் பிரசாரத்திலும் வேலை செய்தார். 1992-இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், சிறுவயதில் உஹூராவைப் பார்த்து உற்சாகம் பெற்றவர்.

என் கட்சிக்கு மிக வலுவான சாட்சி ருவாண்டா. அங்கே ஹூட்டு, டுட்சி என்ற பிரிவினையை இன அடையாளமாக இறுக்கியதில் பெல்ஜியக் காலனி ஆட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. 1930-களில் அடையாள அட்டையிலேயே அதை எழுதிவைத்தார்கள். 1993-இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி பாட்டும் அரட்டையுமாகக் கலகலப்பாக இருந்தது, இளைஞர்களுக்குப் பிடித்திருந்தது. அந்தக் கலகலப்புக்கு நடுவே டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்றது. 1994-இல் கொலைகள் தொடங்கியபோது வேட்டையாட வேண்டியவர்களின் பெயரையும் இடத்தையும் அறிவித்தது. அதை நடத்தியவர்களைச் சர்வதேசத் தீர்ப்பாயம் 2003-இல் தண்டித்தது.

அந்தக் கொலைகள் நடந்து பத்து வருடம் கழித்து, 2004-இல், அதே நாட்டில் 'முசெக்கெவேயா' என்ற வானொலி நாடகம் தொடங்கியது. இரண்டு கற்பனைக் கிராமங்கள், பகை, நடுவே ஒரு காதல், வெறுப்பைத் தூண்டும் தலைவர்கள், அவர்களை எதிர்த்துப் பேசும் இளைஞர்கள். பெட்சி லெவி பாலக் என்ற உளவியலாளர் ஒரு வருடம் இதைச் சோதித்தார். சில இடங்களில் குழுவாக இந்த நாடகத்தைக் கேட்டார்கள், மற்ற இடங்களில் உடல்நலம் பற்றிய வேறு நாடகத்தை. கடைசியில் ஆளுக்கு ஆள் பேட்டி எடுத்தபோது மனதில் இருந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறியிருக்கவில்லை. ஆனால் 'இங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்' என்ற எண்ணம் மாறியிருந்தது. எதிர்க்கருத்தை வாய்திறந்து சொல்வது, நம் ஊர்ச் சாதி மாறிய மணம் மாதிரி, குழு கடந்த திருமணத்தைத் தடுக்காமல் இருப்பது, மற்றவரை நம்புவது ஆகியவை 'செய்யலாம்' என்ற பட்டியலுக்கு வந்திருந்தன.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம் வருகிறது. நன்றிக்கடனாக ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு வானொலிப் பெட்டியும் நாடக ஒலிநாடாக்களும் பேட்டரியும் கொடுத்தார்கள். யார் வைத்துக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். உடல்நல நாடகம் கேட்டவர்கள் பெரும்பாலும் உள்ளூர்த் தலைவரிடம் கொடுத்துவிட்டால் போச்சு என்று ஒதுங்கினார்கள். முசெக்கெவேயா கேட்டவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், மறுத்தார்கள், எல்லாரும் சேர்ந்து பொறுப்பேற்கும் வழிகளைத் தேடினார்கள். மனதுக்குள் யார் யாரை மன்னித்தார்களோ தெரியாது. பேட்டரியைப் பற்றிக் கூடிப் பேச முடிந்திருக்கிறது.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, பழைய படங்களுக்கு முன்னால் 'இது அந்தக் காலத்துப் பார்வை' என்று ஓர் எச்சரிக்கை அட்டை போடுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை வரவில்லை. போடட்டும், தப்பில்லை. அட்டையை யாரும் கூட்டாகப் படித்துச் சிரிப்பதோ முகம் சுளிப்பதோ இல்லை. ஒரு காட்சிக்கு எதிராக அரங்கிலேயே ஒருவர் எழுந்து 'என்ன இது?' என்று கேட்டால் அதற்கு இருக்கும் வலு வேறு. 1915-இல் என்.ஏ.ஏ.சி.பி. ஆட்கள் திரையரங்கு வாசலில் நின்றது படத்தை நிறுத்தவில்லைதான். ஆனால் உள்ளே போகிறவருக்கு, எல்லாருமே இதற்குக் கைதட்டுவதில்லை என்ற ஒரு தகவலாவது கிடைத்தது.

இப்போது அந்தப் பக்கத்து இருக்கை எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ருவாண்டாவில் நாடகத்தை ஒரே பெட்டியைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவர் உச்சுக்கொட்டியது அடுத்தவர் காதில் விழுந்தது. நம் போனில் ஓடும் வீடியோவுக்குக் கீழே வருகிற சிரிப்பு முகங்கள் யாருடையவை, எந்தக் கணக்கில் அவை என் கண்முன் வரிசைப்படுத்தப்பட்டன என்பது எனக்குத் தெரியாது. அடுத்த வீட்டில் இருப்பவருக்கு அதே வீடியோவின் கீழே வேறு ஒரு கூட்டம் கோபமாகக் கத்திக்கொண்டிருக்கலாம். இரண்டு பேரும் 'எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்' என்ற நிச்சயத்தோடு தூங்கப் போவோம். பாலக் செய்த அதே சோதனையை, அதே நாடகத்தை, ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்துத் தனித்தனியாகக் கேட்கவைத்து யாராவது மறுபடி செய்து பார்த்தால் அந்த முடிவைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.